பாட்டைப் போடு, நடையைக் கட்டு!

"ஷுகர் இன்னும் வீட்டுக்குள்ளே வரலைம்மா. வாசல்படியிலே நிக்குது. உள்ளே விடறதும் விரட்டி அடிக்கிறதும் உங்க காலிலேதான் இருக்கு. தினம் முக்கால் மணி நேரம் நடங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா இதே ஷுகரால் காலில் இரண்டு விரல்களை இழந்தவர். கடைசி நான்கு வருஷமும் அவர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டவள் நான். அந்த மருந்து வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அது 2023-ம் வருஷம், ஆடி மாசம். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி 6.1 என்று வந்திருந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் நோய், நடுவில் இருப்பது எல்லைக்கோடு என்று டாக்டரம்மா விளக்கினார். 43 வயதில் நான் அந்த எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, நடக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? சொல்வது சுலபம், சகோதரிகளே!

நாலு நாள் நடை

எங்கள் வீடு மதுரையில், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். திருமலை நாயக்கர் காலத்துக் குளம். பக்கத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி. ஒரு தரம் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே ஆகிவிடும். நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? விடியற்காலையில் ஆணும் பெண்ணுமாய் எத்தனையோ பேர் சுற்றுகிறார்கள்.

நானும் நாலு நாள் சுற்றினேன். அஞ்சாம் நாள் தூறல். ஆறாம் நாள் விருந்தாள். ஏழாம் நாள் சாக்கு எதுவும் இல்லாததால் தலைவலி வந்துவிட்டது!

உண்மையான காரணம் சலிப்புதான். கால் குளக்கரையில் நடக்கும், மனசு அடுப்படியில் நிற்கும். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், கேஸ் தீரப்போகிறது, மாவு பொங்கி வழிந்திருக்குமோ... இப்படியே ஓடும். அரைச் சுற்று போவதற்குள் அரை நாள் கழிந்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் எங்கள் தெருத் தையல்கார அக்கா என்னைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். என்னைவிட எட்டு வயசு பெரியவர். முகத்தில் ஒரு சிரிப்பு, உதட்டில் ஒரு முணுமுணுப்பு.

"என்னம்மா, தவணைப் பணம் கட்டப் போறவ மாதிரி நடக்கிறே? காதிலே ஒரு பாட்டைப் போட்டுக்கோ. கால் தானாப் போகும்" என்று தன் போனையே என் கையில் கொடுத்தார்.

நாகூர் ஹனிபாவின் பாட்டு அது. சின்ன வயசில் கந்தூரி விழா ஒலிபெருக்கியில் எத்தனையோ தரம் காதில் விழுந்ததுதான். ஆனால் நின்று கேட்டதில்லை. அந்தக் கம்பீரக் குரலும் தாளக்கட்டும் சேர்ந்து என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒரு சுற்று முடிந்ததே தெரியவில்லை. மறுநாள் தலைவலியும் வரவில்லை!

ஆளுக்கு ஒரு பாட்டு

பதினைந்து நாளில் நாங்கள் ஐந்து பேராகிவிட்டோம். தையல்கார அக்கா, ரிட்டயரான பாட்டு டீச்சர், எதிர்வீட்டு மதினி, மாடி வீட்டு மருமகள், அப்புறம் நான். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். தினம் ஒருத்தி, மற்றவர்கள் அதிகம் கேட்டிராத ஒரு பாட்டைக் கொண்டு வர வேண்டும். அன்றைக்கு நடைக்கு அவள்தான் தலைவி. வராமல் போனால் நாலு பேருக்கும் பாட்டு இல்லை! இந்தக் கட்டுப்பாடு எங்களை நடக்க வைத்த மாதிரி எந்த டாக்டர் சீட்டும் வைக்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டும் போட்டேன். தேதி, யார் கொண்டு வந்தது, எந்தப் படம், யார் இசை, நடைக்கு எப்படி என்று நாலு வரி எழுதுவேன்.

இந்த நோட்டு எழுதும்போதெல்லாம் எனக்குப் பழைய கேசட் நாட்கள் ஞாபகம் வரும். 1992-ல் 'ரோஜா' படம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காசைச் சேர்த்து, ரிக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். 60 நிமிஷக் கேசட்டா, 90 நிமிஷக் கேசட்டா என்பதே பெரிய யோசனை. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிட்டால் ஒரு வாரம் துக்கம்! அம்மா காலத்தில் இதுவும் கிடையாது. இலங்கை வானொலிக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, 'நேயர் விருப்ப'த்தில் பாட்டுக்கு முன்னால் தன் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாராம். பிடித்த பாட்டை நாலு பேருக்குச் சொல்வதில் உள்ள சந்தோஷம், கேட்பதைவிட ஒரு பிடி அதிகம்தான் போலிருக்கிறது.

90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். எங்கள் நடையும் அதுவேதான். மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று பாட்டு. "ஏ பக்கம் முடிஞ்சது, வீட்டுக்குப் போகலாம்" என்றுதான் சொல்வோம்.

நாங்கள் கண்டெடுத்தவை

ஒரு நாள் பாட்டு டீச்சர் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து நாதஸ்வரத்தைப் போட்டார். சிவாஜியின் முகம்தான் எங்கள் எல்லோருக்கும் கண்ணில் நின்றது. "வாசிச்சது யார் தெரியுமா? நம்ம மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்" என்றார் டீச்சர். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்!

கூடவே இன்னொன்றும் சொன்னார். கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தில் 'மல்லாரி' வாசிப்பார்கள் அல்லவா? அதற்கு வார்த்தைகளே கிடையாது. தவிலும் நாதஸ்வரமும் மட்டும்தான். சுவாமி தூக்குபவர்களின் காலடிக்கும் அதற்கும் அவ்வளவு பொருத்தம். நடைக்கென்றே பிறந்த சங்கீதம்! மறுநாள் மல்லாரி போட்டு நடந்தோம். எங்களுக்கே நிமிர்ந்த நடை வந்துவிட்டது.

எதிர்வீட்டு மதினி டி.எம்.எஸ். பக்தை. 1922-ல் இதே மதுரையில் பிறந்தவர் அவர் என்பதில் மதினிக்குத் தனிப் பெருமை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர் மதினி. அவர் கொண்டு வந்தது காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனைப் பாடியது. காவடி தூக்கிப் போகிறவர்களின் ஆட்டமும் நடையும் அந்தச் சந்தத்திலேயே இருக்கிறது. இதைப் பாடியவர் 26 வயசிலேயே போய்விட்டார் என்று மதினி சொன்னபோது எங்களுக்கு மனசு கனத்துப் போயிற்று.

மாடி வீட்டு மருமகளுக்கு 27 வயசு. அவள் போடும் புதுப் பாட்டுகளைக் கேட்டு முதலில், "என்னடியம்மா, தகரத்தை உருட்டுற மாதிரி இருக்கு!" என்று முகம் சுளித்தோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் வேகம் எடுக்க அவள் பாட்டுதான் கை கொடுக்கிறது. பதிலுக்கு நான் அவளுக்கு வாணி ஜெயராமை அறிமுகப்படுத்தினேன். வேலூரில் பிறந்து, 'அபூர்வ ராகங்கள்' (1975) பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கியவர். 2023 பிப்ரவரியில் காலமானார். "இது எங்கம்மா சமைக்கும்போது முணுமுணுக்கிற பாட்டாச்சே அக்கா! பாடினது யாருன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள். அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டைப் பற்றியே பேசினாளாம்.

பாட்டு எப்படி நடக்க வைக்கிறது?

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டஸ் கராகியார்கிஸ் என்ற பேராசிரியர், பாட்டும் உடற்பயிற்சியும் பற்றிப் பல வருஷம் ஆராய்ச்சி செய்திருக்கிறார். மிதமாக உடம்பை வருத்தும்போது பாட்டு கேட்டால், களைப்பின் மேல் போகிற கவனம் பாட்டின் மேல் போய்விடுகிறது. அதே வேலை லேசாகத் தெரிகிறது. தாளத்தோடு அடி ஒத்துப்போனால் இன்னும் நல்லது. ஆனால் மூச்சு முட்ட ஓடும்போது இந்த ஜாலம் அவ்வளவாகப் பலிப்பதில்லையாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும். நடையில் மிதமான வேகம் என்பது நிமிஷத்துக்குச் சுமார் 100 அடி எடுத்து வைப்பது. பாட்டிலும் அதே கணக்குப் பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி தாளத்தைத் தட்டி எண்ணுங்கள். நாலால் பெருக்குங்கள். 25 தட்டு வந்தால் நிமிஷத்துக்கு 100. அதுதான் உங்கள் நடைப்பாட்டு!

நாங்கள் முதல் பாட்டை மெதுவானதாக வைத்துக்கொள்வோம். உடம்பு சூடாக வேண்டும் அல்லவா? நடுவில் விறுவிறுப்பு. 'கரகாட்டக்காரன்' (1989) மாதிரி நையாண்டி மேளம் கலந்த பாட்டுகள் வந்தால் பேச்சே இருக்காது, நடைதான்! கடைசிப் பாட்டு தாலாட்டு மாதிரி. படபடப்பு அடங்கித்தான் வீடு திரும்ப வேண்டும்.

விழுந்தேன்

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மார்கழி மாசம், இருட்டு இன்னும் பிரியவில்லை. அன்றைக்கு நான் தனி. இரண்டு காதிலும் இயர்போன், சத்தம் முழுசாக. பாட்டு லயிப்பில் ரோட்டைக் கடந்துவிட்டேன். பின்னால் வந்த மோட்டார் பைக் ஹாரன் அடித்ததாம். எனக்குக் கேட்கவே இல்லை. ஹேண்டில்பார் முழங்கையில் இடித்து, குப்புற விழுந்தேன். மணிக்கட்டு சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு. அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என் மேல்தான்.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! "நடையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். மொட்டை மாடியிலே நாலு சுத்து சுத்து, போதும்" என்று முடித்துவிட்டார். பத்து நாள் படுக்கையும் கட்டுமாக இருந்தேன். கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கால்தான் ஞாபகம் வந்தது. நடை போய்விட்டதே என்று ராத்திரியில் அழுதும் இருக்கிறேன்.

அப்போது எனக்காகப் பேசியது யார் தெரியுமா? என் மாமியார்!

இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 2001-ல் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், சமையலறையில் ரேடியோ வைத்தால் அத்தை வந்து நிறுத்திவிடுவார். "வேலை நேரத்திலே என்ன பாட்டு?" என்பார். எனக்கு மனசுக்குள் அது ஒரு முள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த முள் அங்கேயே இருந்தது.

அந்த அத்தைதான் அன்றைக்கு மகனிடம், "அவ போகட்டும்டா. காதை அடைச்சுக்கிட்டுப் போனதுதான் தப்பு. வாயாலே பாடிக்கிட்டுப் போனா எந்த வண்டி வந்து இடிக்கப் போகுது? நாங்கல்லாம் பாடாமயா வேலை பார்த்தோம்?" என்றார்.

அப்புறம் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெள்ள ஒரு நடவுப் பாட்டை எடுத்தார். 74 வயசுக் குரல். முதலில் நடுங்கியது, இரண்டு அடி போனதும் நின்றுவிட்டது. அத்தை சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஒருத்தி பாட்டைத் தொடங்குவாளாம். வரப்போரம் வரை குனிந்து நிற்கிற அத்தனை பேரும் திருப்பிப் பாடுவார்களாம். தாளத்துக்கு ஒரு நாற்று இறங்கும். "மத்தியானம் நிமிரும்போதுதான் முதுகு இருக்கிறதே தெரியும்" என்றார்.

"பின்னே ஏன் அத்தே என் ரேடியோவை நிறுத்தினீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க மாமா போனப்புறம் எனக்குப் பாட்டே வாயிலே வரலை. அடுத்தவங்க கேக்கிறதும் பொறுக்கலை. உன் மேலே கோபம் இல்லைடி" என்றார்.

அந்தப் பாட்டை என் போனில் பதிவு செய்துகொண்டேன். நடை மறுபடி தொடங்கிய அன்று, அதுதான் என் முறைக்கு நான் கொண்டு போன பாட்டு. பாட்டு டீச்சர் கேட்டுவிட்டு, "இத்தனை நாள் ஊரெல்லாம் தேடினோம். உங்க வீட்டுக் கட்டில்லேயே இருந்திருக்கே!" என்றார்.

பாடிக்கொண்டே நடக்கலாமா?

அத்தை சொன்னதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அழகான ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் நிம்மதியாகப் பாட முடியக்கூடாது. அப்படி இருந்தால் அது மிதமான வேகம், சரியான வேகம். தடங்கலில்லாமல் முழுப் பாட்டும் பாட முடிந்தால் நடை மெதுவென்று அர்த்தம். இரண்டு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால் வேகம் ரொம்ப அதிகம்.

அதனால் இப்போது முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் நாங்களே பாடுவது. ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் திருப்புவோம். நடுவில் மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர், எங்கள் ஐந்து பேருக்குக் கேட்கும் அளவுக்கு. ஆரம்பத்தில் சத்தமாக வைத்து, "காலங்கார்த்தாலே சந்தைக்கடையாம்மா இது?" என்று ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவர் கேட்டது நியாயம்தானே!

அனுபவத்தில் கற்றவை

1. ரோட்டோரம் நடக்கும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள். இயர்போன் வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும். ரோட்டைக் கடக்கும்போது அதையும் எடுத்துவிடுங்கள்.

2. போனில் சத்தம் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 60 சதவிகிதத்துக்குள் இருக்கட்டும். 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரம் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்டு முடித்த பிறகு காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம் இருந்தால், சத்தம் அதிகம் என்று காதே சொல்கிறது.

3. பாட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள், இயர்போனைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஒருவர் காதுத் தொற்று இன்னொருவருக்கு வரும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

4. ஒரே பாட்டைத் தினமும் போட்டால் பாட்டும் புளிக்கும், நடையும் புளிக்கும். வாரம் இரண்டாவது புதிதாகச் சேருங்கள்.

5. மூட்டு வலி, நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள் பாட்டின் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் பார்க்க வேண்டாம். டாக்டரைக் கேட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள். ஷுகருக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வெளியே போக முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று பாட்டுக்கு நடக்கலாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் மெள்ள நடந்தால்கூட, ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சமீபத்திய பரிசோதனையில் 5.8. எல்லைக்கோட்டை முழுசாகத் தாண்டி வந்துவிடவில்லை. ஆனால் மாத்திரை இல்லை, இடுப்புப் புடவை தளர்ந்திருக்கிறது. ராத்திரிச் சோற்றைக் குறைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. "வாசல்படியிலே நின்னது தெருவுக்கு இறங்கியிருக்கு. கதவைத் திறந்து வச்சுட்டுத் தூங்கிடாதீங்க" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையையும் ஆட்டோவில் அழைத்துப் போகிறேன். முழங்கால் வலியால் அவரால் சுற்ற முடியாது. குளக்கரையில் உட்கார்ந்து, நாங்கள் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு பாட்டு எடுத்துக் கொடுப்பார். இப்போது சமையலறை ரேடியோவைக் காலையில் முதலில் திருப்புவதும் அவர்தான்.

மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுப் பாருங்களேன். முதல் பாட்டை வெளியே தேட வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்.